அம்பின் எடையும் ஆற்றல் அட்டவணையும்

வேட்டைத் துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ 3000 அடி-பவுண்டு ஆற்றலுடன் தாக்குகிறது. 75 பவுண்டு விசையுள்ள வில்லிலிருந்து விடப்பட்ட ஓர் அவுன்சு அம்பு, பத்துக் கஜத் தொலைவில் 25 அடி-பவுண்டு ஆற்றலுடன் தாக்குகிறது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துக் காட்டியவர் சாக்ஸ்டன் போப் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர். 1923-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹண்டிங் வித் தி போ அண்டு ஆரோ' என்ற அவருடைய நூலில் இந்த ஒப்பீடு இடம்பெற்றுள்ளது. அம்பின் ஆற்றல் குண்டின் ஆற்றலில் 120-இல் ஒரு பங்குதான். ஆயினும், கூரிய எஃகு முனை பொருத்திய அம்பு உண்டாக்கும் சேதம் பல வேளைகளில் குண்டின் சேதத்தையும் மிஞ்சிவிடுகிறது என்று அவர் அங்கேயே எழுதுகிறார்.

இயற்பியல் படித்த எவரையும் இந்த இடம் ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கும். ஆற்றல்தான் வேலை செய்யும் திறன் என்று நாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். அப்படியானால் 120 மடங்கு வேறுபாடு எங்கே போயிற்று?

அமெரிக்காவில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் எனக்கு ஓர் அட்டவணையை அனுப்பி, "ஐயா, மான் வேட்டைக்கு அம்பின் எடையை இதைப் பார்த்துத்தான் இங்கே முடிவு செய்கிறார்கள். இது சரிதானா?" என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதிய விடையின் விரிவே இக்கட்டுரை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். ஆகவே இங்கே யாருக்கும் இது செய்முறைக் குறிப்பு அன்று. ஆனால் வெண்வால் மான்கள் பெருகியுள்ள அமெரிக்க மாநிலங்களில் வில்வேட்டைக்கெனத் தனிப் பருவமே உண்டு. அங்கே ஒரு தவறான கணக்கு, காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து சாகும் ஒரு விலங்காக முடிகிறது. எனவே கணக்கு சரியா என்று பார்ப்பது வீண் வேலை ஆகாது.

இரண்டு கட்சிகள்

வில்வேட்டைக்காரர்களிடையே இரண்டு கட்சிகள் உள்ளன. முதற்கட்சி இயக்க ஆற்றலை நம்புகிறது. அம்புத் தண்டு தயாரிக்கும் ஈஸ்டன் நிறுவனத்தின் பெயரால் பரவியுள்ள அட்டவணை இக்கட்சியின் வேதம் எனலாம். சிறு விலங்குகளுக்கு 25 அடி-பவுண்டுக்குக் குறைவு; மானுக்கு 25 முதல் 41 வரை; எல்க் என்னும் பெருமானுக்கும் கருங்கரடிக்கும் 42 முதல் 65 வரை; மிகக் கடினமான விலங்குகளுக்கு 65-க்கு மேல். இவ்வளவுதான் அட்டவணை.

இரண்டாம் கட்சி உந்தத்தை நம்புகிறது. இதன் தலைவராக மதிக்கப்படுபவர் எட் ஆஷ்பி. இவர் 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலும், பின்னர் ஆஸ்திரேலியாவில் நீரெருமைகளைக் கொண்டும் அம்புகளின் ஊடுருவலைப் பதிவு செய்தவர். கடினமான எலும்பைப் பிளக்க அம்பின் மொத்த எடை 650 கிரெய்னுக்குக் குறையக் கூடாது என்பது இவர் கண்ட வரம்பு. (7000 கிரெய்ன் ஒரு பவுண்டு, ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம்.) இன்று மானுக்கே 650 கிரெய்ன் வேண்டும் என்று சொல்வோர் இக்கட்சியில் பலர்.

இரு கட்சிகளும் எதிர்க்கட்சியை அறியாமை என்று ஏசுகின்றன. இந்தச் சண்டை புதிதன்று என்பதுதான் வேடிக்கை.

முந்நூறு ஆண்டு பழைய வழக்கு

இயங்கும் பொருளின் வலிமையை நிறை, வேகம் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் அளக்க வேண்டும் என்றார் டேக்கார்ட். இல்லை, நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும் என்று 1686-இல் லைப்னிட்சு மறுத்தார். ஐரோப்பாவின் அறிஞர்கள் இரு பிரிவாகி அரை நூற்றாண்டுக்கு மேல் வாதிட்டனர். 1722-இல் டச்சு அறிஞரான கிராவெசாண்டு பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணின்மேல் விழச் செய்து, வேகம் இரு மடங்கானால் பள்ளம் நான்கு மடங்காவதைக் காட்டினார். லைப்னிட்சின் பக்கம் வென்றதாகத் தோன்றியது. ஆனால் 1743-இல் டாலம்பேர் தம் நூலில், இரண்டு அளவுகளும் சரியே, அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடை என்ற கருத்தை முன்வைத்தார்.

இன்று இதை மேல்நிலை வகுப்பு மாணவரும் எழுதிவிடுவார். விசையைக் கடந்த தொலைவால் பெருக்கினால் ஆற்றல் மாற்றம். அதே விசையை நேரத்தால் பெருக்கினால் உந்த மாற்றம். "இந்தத் தடை விசைக்கு எதிராக அம்பு எவ்வளவு தூரம் செல்லும்?" என்பது ஆற்றலைக் கேட்கும் கேள்வி. "எவ்வளவு நேரம் செல்லும்?" என்பது உந்தத்தைக் கேட்கும் கேள்வி.

போப் தம் 25 அடி-பவுண்டைக் கண்டறிந்த முறையும் கிராவெசாண்டின் சோதனையை ஒத்ததே. அம்பைப் பாரபின் மெழுகுக் கட்டியில் எய்தார். அம்பு இறங்கிய ஆழத்தை, தெரிந்த எடையை விழவிட்டபோது உண்டான ஆழத்தோடு ஒப்பிட்டார். மெழுகுக்கு அது சரி. ஆனால் மானின் உடல் மெழுகுக் கட்டி அன்று. நம் விவாதத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

தடை விசை எப்போதும் ஒரே அளவாக இருந்தால், ஊடுருவும் ஆழம் ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் அமையும். தடை விசை வேகத்தோடு சேர்ந்து கூடுமானால் ஆழம் உந்தத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். தடை வேகத்தின் இருமடியாகக் கூடினால் நிறையின் பங்கு இன்னும் பெரிதாகும். தோல், தசை, விலா எலும்பு, காற்று நிறைந்த நுரையீரல் என்று மாறி மாறி வரும் பொருள்களில் இம்மூன்றும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கின்றன. எனவே "ஆற்றலா, உந்தமா?" என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது அம்பு அன்று; அது நுழையும் பொருள்.

உந்தக் கட்சியினர் சிலர், "ஆற்றலுக்குத் திசை இல்லை, ஆகவே அது துளைக்காது" என்று எழுதுகிறார்கள். இது சொல் விளையாட்டு. சுத்தியலால் ஆணி அடிக்கும்போதும் ஆற்றலுக்குத் திசை இல்லை. ஆணி இறங்கத்தான் செய்கிறது.

ஒரு கணக்கு

ஒரே வில்லிலிருந்து மூன்று அம்புகளை எய்வதாகக் கொள்வோம். வில்லில் சேமிக்கப்பட்டு விடுபடும் ஆற்றல் 90 ஜூல் என்க. இந்த ஆற்றல் முழுவதும் அம்புக்குப் போவதில்லை. வில்லின் கைகளும் நாணும் அசைய ஒரு பகுதி செலவாகிறது. அமெரிக்க இயற்பியலாளர் பால் கிளாப்ஸ்டெக் இச்செலவைக் கணக்கிட எளிய வழி ஒன்று சொன்னார்: அம்போடு ஒரு சிறு கூடுதல் நிறையும் சேர்ந்து பறப்பதாக வைத்துக்கொள்வது. அந்த நிறையை நாம் 5 கிராம் என்று கொள்வோம். இவை எடுத்துக்காட்டுக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஆனால் நடைமுறைக்கு வெகு தொலைவில் இல்லை.

350 கிரெய்ன் (22.7 கிராம்) அம்பு: வேகம் விநாடிக்கு 80.6 மீட்டர், ஆற்றல் 74 ஜூல், உந்தம் 1.83 கி.கி. மீ/வி.

500 கிரெய்ன் (32.4 கிராம்) அம்பு: வேகம் 69.4 மீட்டர், ஆற்றல் 78 ஜூல், உந்தம் 2.25.

650 கிரெய்ன் (42.1 கிராம்) அம்பு: வேகம் 61.8 மீட்டர், ஆற்றல் 80 ஜூல், உந்தம் 2.60.

எடை கூடக் கூட வேகம் குறைகிறது. ஆற்றலும் உந்தமும் இரண்டுமே கூடுகின்றன. முதல் அம்பிலிருந்து மூன்றாவதுக்கு வரும்போது ஆற்றல் 9 விழுக்காடும், உந்தம் 42 விழுக்காடும் உயர்கின்றன. ஆகவே எந்தக் கட்சியின் அளவுகோலை எடுத்தாலும் கனமான அம்பே ஆழமாகச் செல்லும். திசையில் இரு கட்சிக்கும் உண்மையில் வேறுபாடே இல்லை, அளவில்தான் வேறுபாடு.

அட்டவணை எங்கே தவறுகிறது?

இப்போது அட்டவணைக்கு வருவோம். நம் மூன்று அம்புகளின் ஆற்றலையும் அடி-பவுண்டாக மாற்றினால் 54 முதல் 59 வரை கிடைக்கும். மூன்றும் எல்க்குக்குரிய ஒரே வரிசையில் போய் விழுகின்றன. அம்பின் எடையைத் தேர்ந்தெடுக்க உதவுவதாகச் சொல்லப்படும் அட்டவணையால், ஒன்றைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு எடையுள்ள மற்றோர் அம்பைப் பிரித்தறிய முடியவில்லை. அட்டவணை வில்லைத்தான் அளக்கிறது, அம்பை அளக்கவில்லை.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. முனையைப் பற்றி அட்டவணையில் ஒரு சொல்கூட இல்லை. இலக்குப் பலகைக்கு எய்யும் மழுங்கிய முனையும், சவரக்கத்தி போன்ற அலகுகள் கொண்ட அகன்ற வேட்டை முனையும் அதன் கண்ணுக்கு ஒன்றே. போப்பின் சோதனை அம்பு மான் வரிசையின் கீழ்விளிம்பில் நிற்கிறது. அவர் வேட்டைக்கு எடுத்துச் சென்றவை அதைவிடக் கனமானவைதாம். எனினும் மரவில்லும் மர அம்பும் கொண்டு மான்களை மட்டுமின்றி, 1920-இல் கலிபோர்னியா அறிவியல் அகாதெமிக்காக யெல்லோஸ்டோனில் கிரிஸ்லி கரடிகளையும் அவரும் ஆர்தர் யங்கும் வீழ்த்தினார்கள். குண்டு திசுக்களை நசுக்கிச் சிதைக்கிறது. அம்பு குருதிக் குழாய்களை அறுக்கிறது. முதல் வேலைக்கு மிகுந்த ஆற்றல் வேண்டும். இரண்டாவதற்குக் கூர்மை வேண்டும். தொடக்கத்தில் நாம் தேடிய 120 மடங்கு போன இடம் இதுதான்.

வில் விளம்பரங்களிலும் இதே மயக்கம் உண்டு. அங்கே பெரிதாக அச்சிடப்படும் வேகம், 70 பவுண்டு வில்லில் 350 கிரெய்ன் அம்பை எய்து அளந்தது. அதாவது ஒரு பவுண்டுக்கு 5 கிரெய்ன். வில் தாங்கும் மிக இலேசான அம்புகளில் அது ஒன்று. வேட்டைக்குரிய அம்பை ஏற்றினால் அந்த வேகம் கிடைக்காது. கிடைக்க வேண்டியதும் இல்லை.

கனமான அம்புக் கட்சியின் குறை

அப்படியானால் 650 கிரெய்ன்தான் சரியா? ஆஷ்பியின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. களிமண்ணிலும் நுரைப்பலகையிலும் எய்து முடிவு சொல்வோர் நடுவே, உண்மையான விலங்குகளின் எலும்பில் அம்பு என்ன செய்தது என்று பொறுமையாகக் குறித்து வைத்தவர் அவர். முனையின் வடிவம், தண்டின் உறுதி, அம்பின் சீரான பறத்தல் ஆகியவை எடைக்கும் முன்னே வரவேண்டியவை என்று அவரே வரிசைப்படுத்துகிறார். அவருடைய சீடர்களோ அந்த வரிசையை மறந்து ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எருமையின் எலும்புக்குக் கண்ட வரம்பை, ஓர் அடி அகலமுள்ள மானின் மார்புக்கூட்டுக்கு மாற்றினார்கள். அம்பு மறுபக்கம் வெளியேறிய பிறகு மிஞ்சும் உந்தம் மண்ணைத்தான் துளைக்கும்.

கூடுதல் எடைக்கு விலையும் உண்டு. 30 மீட்டர் செல்ல இலேசான அம்புக்கு 0.37 விநாடியும் கனமான அம்புக்கு 0.49 விநாடியும் ஆகின்றன. அதற்குள் அவை முறையே 68 செ.மீ., 116 செ.மீ. கீழே இறங்கும். தொலைவு சரியாகத் தெரிந்தால் இதில் தொல்லை இல்லை. வில்லின் குறியை அதற்கேற்ப உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் மான் 33 மீட்டரில் நிற்க, எய்பவர் 30 என்று நினைத்தால்? இலேசான அம்பு 7.5 செ.மீ. தாழ்ந்து படும், நடுத்தர அம்பு 10 செ.மீ.; கனமான அம்பு 12.7 செ.மீ. மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியின் குறுக்களவு 20 முதல் 25 செ.மீ. அதன் நடுவைக் குறிவைத்தவருக்குக் கிடைக்கும் இடம் மேலும் கீழும் 10 முதல் 12 செ.மீ. மட்டுமே. மூன்று மீட்டர் தவறான மதிப்பீட்டில் 650 கிரெய்ன் அம்பு அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. 20 மீட்டரில் இதே தவறு நேர்ந்தால் மூன்று அம்புகளும் எல்லைக்குள் நிற்கின்றன. ஆழமாகத் துளைக்கும் அம்பு, துளைக்க வேண்டிய இடத்தில் படாவிட்டால் என்ன பயன்?

மானும் சும்மா நிற்பதில்லை. நாணின் ஓசை 30 மீட்டரை 0.09 விநாடியில் கடந்து அதன் காதை எட்டுகிறது. பாய்ந்தோட எத்தனிக்கும் மான் முதலில் உடலைத் தாழ்த்தும். கனமான அம்பு அதற்கு 0.11 விநாடி அதிகமாகத் தருகிறது. கனமான அம்பை எய்யும்போது வில்லின் ஓசை தணிகிறது என்ற நன்மையையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

முனையின் கணக்கு

இரு கட்சிகளும் எடையைப் பற்றிப் பேசும் அளவுக்கு அறுக்கும் விளிம்பைப் பற்றிப் பேசுவதில்லை. 2.8 செ.மீ. அகலமுள்ள இரட்டை அலகு முனை அறுக்கும் கோட்டின் நீளம் 2.8 செ.மீ. அதே குறுக்களவில் மூன்று அலகுகள் இருந்தால் 4.2 செ.மீ. பட்டவுடன் விரியும் இயந்திர முனைகள் சில 5 செ.மீ. வரை அறுக்கும். அறுக்கும் தடை ஏறத்தாழ இந்த நீளத்தைப் பொறுத்தது என்று கொண்டால், முதல் முனைக்கும் கடைசி முனைக்கும் இடையே தடை 80 விழுக்காடு கூடுகிறது; அலகுகளை விரிப்பதற்கும் தனியே ஆற்றல் செலவாகிறது. 350-லிருந்து 500 கிரெய்னுக்குப் போவதால் கிடைக்கும் இலாபமோ ஆற்றலில் 6, உந்தத்தில் 23 விழுக்காடுதான். எடையை ஏற்றிச் சம்பாதித்ததை முனையின் அகலத்தில் ஒரே நாளில் செலவிட்டுவிடலாம். அகன்ற வெட்டு குருதியை மிகுதியாக வெளியேற்றும் என்பதும் உண்மை. எனவே இது கொடுக்கல் வாங்கல். வலிமை குறைந்த வில்லுடையவர் அகலத்தை விட்டுக்கொடுப்பதே அறிவுடைமை.

முனையின் எடைக்கும் வருவோம். 75 செ.மீ. நீளமும் 300 கிரெய்ன் எடையும் கொண்ட தண்டின் நுனியில் 100 கிரெய்ன் முனையைப் பொருத்தினால், ஈர்ப்பு மையம் தண்டின் நடுவிலிருந்து 9.4 செ.மீ. முன்னே நகரும், இது நீளத்தில் 12.5 விழுக்காடு. 200 கிரெய்ன் முனையானால் 20 விழுக்காடு. (பின்புறத்து இறகின் எடை இவ்விரண்டையும் சற்றுக் குறைக்கும்.) முன்பாரம் கூடினால் அம்பு நிலையாகப் பறக்கும் என்பது சரி. ஆனால் நாண் பின்னிருந்து தள்ளும்போது, கனமான தலையை நோக்கி நெருக்குண்ட தண்டு வில்போல் வளைகிறது. தண்டின் விறைப்பை உயர்த்தாமல் முனையின் எடையை மட்டும் உயர்த்தினால் அம்பு நெளிந்து நெளிந்து பறக்கும். சாய்ந்து படும் அம்பின் உந்தத்தில் ஒரு பகுதி தண்டை வளைப்பதிலேயே போய்விடுகிறது. ஆகவே முனையையும் தண்டையும் தனித்தனியே தேர்ந்தெடுக்க இயலாது.

முடிவாக

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இந்தியன் ஹெட் என்னும் கடற்படை வளாகத்தில் 1989 முதல் 2006 வரை வில்வேட்டை கண்காணிக்கப்பட்டு, முடிவுகள் 2008-இல் வெளியாயின. பயிற்சி பெற்றுத் தேர்ந்தவர்களே அங்கே வேட்டையாடினர். அப்படியும் அம்புபட்ட மான்களில் 18 விழுக்காடு கைக்குக் கிடைக்கவில்லை. கப்பிகள் கொண்ட காம்பவுண்டு வில்லுக்கும் குறுக்கு வில்லுக்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவியை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோர் இந்த எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

என் மாணவருக்கு நான் எழுதிய விடை இதுதான். வெண்வால் மானுக்கு, 60 பவுண்டு அளவுள்ள வில்லில், 400 முதல் 500 கிரெய்ன் வரை மொத்த எடையும், அதில் 100 அல்லது 125 கிரெய்ன் முனையும் போதும். அலகைச் சவரக்கத்தியாகத் தீட்ட வேண்டும். அதே முனையோடு அம்பு நேராகப் பறக்கிறதா என்று முன்னதாகவே எய்து பார்க்க வேண்டும். 20 மீட்டருக்குள் மான் பக்கவாட்டில் நிற்காவிட்டால் நாணை விடக் கூடாது. இந்த நான்கில் எடை ஒன்றுக்குத்தான் அட்டவணையில் எண் உண்டு. மற்ற மூன்றும் எய்பவரின் கையில் இருக்கின்றன.

ஒரு சூத்திரத்தில் எண்களைப் போட்டு விடை வந்துவிட்டால், கேள்விக்கே விடை கிடைத்துவிட்டதாக நம் மாணவர்கள் மட்டுமல்ல, நாமும் நினைத்துவிடுகிறோம். அந்த விடை எந்தக் கேள்விக்கு உரியது என்று கேட்கும் பழக்கம் வேண்டும். டாலம்பேர் கேட்டார், ஒரு நெடிய வழக்கின் முடிச்சு அவிழ்ந்தது. வில்லாளிகள் கேட்டால் சில மான்களாவது வேதனையின்றி மடியும்.